பெயரைப் படிக்கவிடும் மெனு: எக்ஸ்எஃப்சிஇயின் விஸ்கர் மெனு

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எழுத்து மங்கினாலும் நெருங்கினாலும் பாதியில் அறுந்தாலும் கண் உடனே அங்கே போய் நின்றுவிடும். கணினித் திரையில் அப்படி என் கண் அடிக்கடி நிற்கும் இடம், செயலிகளைத் திறக்கும் மெனு. மதிப்பீடு எழுதுபவர்கள் வேகத்தைச் சொல்கிறார்கள், அழகைச் சொல்கிறார்கள், நினைவகம் எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்கிறார்கள். அதில் உள்ள பெயர்களைப் படிக்க முடிகிறதா என்று சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வெள்ளெழுத்து வந்த பிறகு அது இன்னும் முக்கியமான கேள்வியாகிவிட்டது.

விஸ்கர் மெனு, லினக்ஸ் கணினியில் சாளரங்களையும் மெனுக்களையும் தரும் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச்சூழலின் பேனலில் (திரையோரப் பட்டையில்) சேர்த்துக்கொள்ளும் ஒரு செருகுநிரல். ஜுபுண்டு என்ற லினக்ஸ் வகையில், 2014 ஏப்ரலில் வந்த 14.04 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பான மெனு. பேனலில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு சாளரம் திறக்கும். தேடல் பெட்டி, விருப்பச் செயலிகள், அண்மையில் திறந்தவை, வகைவாரியான பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். இவை எல்லா மெனுக்களிலும் இருப்பவைதாம். இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அமைப்புகளில் உள்ள இரண்டு தேர்வுப்பெட்டிகள். ஒன்று, செயலியின் சொந்தப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரைக் காட்டச் சொல்வது. மற்றொன்று, பெயருக்குக் கீழே விளக்கத்தையும் காட்டச் சொல்வது.

இவை ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல, மெனுவில் உள்ள பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் மேசைச்சூழல்களில் ஒரு செயலியை நிறுவும்போது அதனுடன் ஒரு சிறிய உரைக்கோப்பும் வந்து உட்காரும். மேசைச்சூழல்களுக்குப் பொதுவான விதிகளை வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் விதிப்படி எழுதப்பட்ட கோப்பு அது. அதில் செயலியின் பெயர் ஒரு வரி. அது எந்த வகைச் செயலி என்று சொல்லும் பொதுப்பெயர் இன்னொரு வரி. அது செய்யும் வேலையைச் சொல்லும் விளக்கம் மூன்றாவது வரி. இவை ஒவ்வொன்றையும் மொழிவாரியாகவும் எழுதிவைக்கலாம். தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. தேடலுக்கு உதவும் குறிச்சொற்களுக்குத் தனியாக ஒரு வரி. ஒரு செயலியை அடையாளம் காட்டத் தேவையானதெல்லாம் ஏற்கெனவே வட்டில் இருக்கிறது. பெரும்பாலான மெனுக்கள் அதில் முதல் வரியை மட்டும் எடுத்து, அதையும் முழுதாகக் காட்டாமல், ஓர் ஐகானுக்கு அடியில் சொருகிவிடுகின்றன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. செயலியை எழுதியவரோ மொழிபெயர்த்தவரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய ஒரு வரி, படிக்க வேண்டியவரின் கண்ணுக்கு வராமலே போய்விடுகிறது.

எங்கள் மெய்ப்பு அறையில் என்னைவிட மூத்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். மொழியில் அவர் கைக்குத் தப்பும் பிழை கிடையாது. கணினியில் ஒரு படத்தைத் திறக்க வேண்டியிருந்தபோது மெனுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, இவ்வளவு பெயர் போட்டிருக்கிறார்களே, படம் பார்ப்பது எது என்று ஒன்றிலும் எழுதவில்லையே” என்றார். திரையில் க்வென்வியூ, கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஒகுலார் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்று படம் பார்க்க, ஒன்று படம் வரைய, ஒன்று திசையன் வரைகலைக்கு, ஒன்று ஆவணம் படிக்க. அறிந்தவருக்கு அவை பெயர்கள்; புதிதாகப் பார்ப்பவருக்கு வெறும் ஒலிகள். அவருடைய கேள்வி முற்றிலும் நியாயமானது. விளக்கத்தைக் காட்டும் பெட்டியை அன்றே அவருடைய கணினியில் தேர்வுசெய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு மெனுவைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அந்தப் பெட்டியைத் தேர்வுசெய்தால் விஸ்கர் மெனு ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு வரி ஒதுக்குகிறது. மேல்வரியில் தடித்த எழுத்தில் பெயர், கீழ்வரியில் சாதாரண எழுத்தில் விளக்கம். அகராதியில் தலைச்சொல்லும் பொருளும் நிற்பதுபோல. தெரிந்த செயலியைத் தேடும்போது கண் தடித்த வரிகளை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும். தெரியாததைத் தேடும்போது கீழ்வரிகளைப் படிக்கும். இரண்டு விதமான தேடலுக்கும் ஒரே பட்டியல் போதுமாக இருப்பது எளிதில் அமையாத விஷயம். நான் வைத்திருக்கும் வெளிர்நிறக் கருப்பொருளில் (தீமில்) இரண்டு வரியும் ஒரே கருமையில் இருக்கின்றன; கீழ்வரியைச் சாம்பலாக்கி ஒதுக்கவில்லை. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்கிறது. மெனுக்களுக்கு அதைக் கட்டாயப்படுத்துபவர் யாரும் இல்லை. ஆனால் கண் ஒன்றுதானே. இணையப் பக்கத்தில் படிக்க முடியாத சாம்பல் எழுத்து மெனுவில் மட்டும் எப்படித் தெளிந்துவிடும்?

இந்த இரண்டு வரி முறை புதிதல்ல. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் தொடக்க மெனுவில் இடப்பக்க மேல்மூலையில் ‘இன்டர்நெட்’ என்று தடித்த எழுத்திலும், அதன் கீழே சிறிய எழுத்தில் உலாவியின் பெயரும் இருக்கும். வேலை மேலே, பெயர் கீழே. மின்னஞ்சலுக்கும் அப்படியே. கணினியை முதன்முதலாகத் தொட்டவர்கள் அந்த இரண்டு வரியை நம்பி இணையத்துக்குள் போனார்கள். மற்றச் செயலிகளுக்கு அந்த வசதி இல்லை என்பதுதான் குறை. பின்னால் வந்த பதிப்புகளில் அதுவும் போய்விட்டது.

அடுத்தது, பெயர் அறுபடுவது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

இப்போது பரவலாக இருக்கும் வடிவம் ஐகான் கட்டம்: பெரிய ஐகான், அதன் கீழே நடுவில் நிறுத்திய சிறிய பெயர். 2011-இல் மேக்கில் வந்த லாஞ்ச்பேடு என்ற செயலித் திரையும், அதே ஆண்டு லினக்ஸுக்கு வந்த க்னோம் 3 என்ற மேசைச்சூழலும் இந்த வடிவத்தை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தன. கைபேசியிலிருந்து வந்த வடிவம் அது. கட்டத்தின் அகலம் ஐகானை வைத்துத் தீர்மானமாகிறது. பெயர் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கடைசியில் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுவார்கள். வெட்டுவது எப்போதும் வால்பக்கம். ஆனால் ஒரே தொகுப்பைச் சேர்ந்த செயலிகளின் பெயர்களில் தலைப்பக்கம் பொதுவாகவும் வால்பக்கம் தனித்தன்மையாகவும் இருக்கிறது. லிப்ரேஆபிஸ் என்ற அலுவலகச் செயலித் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: லிப்ரேஆபிஸ் ரைட்டர், லிப்ரேஆபிஸ் கால்க், லிப்ரேஆபிஸ் இம்ப்ரெஸ், லிப்ரேஆபிஸ் டிரா, லிப்ரேஆபிஸ் மேத், லிப்ரேஆபிஸ் பேஸ். குறுகிய கட்டத்தில் இவற்றில் எஞ்சுவது ‘லிப்ரேஆபிஸ்…’ என்ற ஒரே சொல், ஆறு தடவை. படிக்க வேண்டிய பகுதி முழுவதும் மூன்று புள்ளிக்குள் போய்விடுகிறது. வித்தியாசத்தை ஐகானின் நிறத்தில் தேட வேண்டும். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்த வழியும் மூடிவிடுகிறது.

க்னோம் திட்டத்தினர் இதை அறியாதவர்கள் அல்லர். செயலிப் பெயர் 15 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்று அவர்களுடைய வடிவமைப்பு வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். தங்கள் செயலிகளின் பெயர்களையும் அந்த எண்ணத்தோடு மாற்றினார்கள். கோப்பு மேலாளரான நாட்டிலஸ், மெனுவில் ‘கோப்புகள்’ என்ற பொருளில் ஒரே சொல்லாக நிற்கிறது. எபிபனி என்ற உலாவி வெறும் ‘வலை’ ஆனது. அவர்கள் எழுதும் செயலிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இப்போது கட்டத்தில் ஒரு பெயர்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அது முழுதாக விரிந்து காட்டுகிறது. நல்ல திருத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு பெயராக மவுஸை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதை வாசிப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாசிப்பு என்பது ஒரே பார்வையில் பல வரிகளைத் தாண்டிப் போவது.

விஸ்கர் மெனுவில் பட்டியல் வடிவம் இருப்பதால் இந்தத் தொல்லை மிகவும் குறைகிறது. ஒரு வரிக்கு ஒரு செயலி, பெயர் இடப்பக்க ஓரத்தில் தொடங்கும், வலப்பக்கம் நீண்டுகொண்டே போகலாம். பட்டியலிலும் வரி கொள்ளாவிட்டால் மூன்று புள்ளி வரும். ஆனால் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்கிக்கொள்ளலாம். அந்த அகலம் அப்படியே நினைவில் இருக்கும். என் திரையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு இழுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பெயரும் அறுபடவில்லை. நீண்ட விளக்கங்களில் சில மட்டும் அறுபடுகின்றன. கட்ட வடிவமும் இதில் உண்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்ற மாட்டேன். ஐகான் அளவையும் தனியே தேர்ந்தெடுக்கலாம், ஐகானே வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். சிறிய ஐகானோடு, எழுத்து முன்னால் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

இனி தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இடைமுகத்தைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். விஸ்கர் மெனுவின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது.

பெயர் தடித்த எழுத்தில் வரும் என்று மேலே சொன்னேன். லத்தீன் எழுத்துக்கு அது பலம். தமிழ் எழுத்துக்குச் சிறிய அளவில் அது பலவீனம். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு சுழி. பத்துப் புள்ளி அளவில் தடித்த எழுத்தாக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ‘ணை’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவை கரும்பொட்டாகத் தெரிகின்றன. கீழ்வரி விளக்கம் மெலிந்த எழுத்தில் இருப்பதால் அதே சொல் அங்கே தெளிவாகப் படிக்க வருகிறது. அதாவது, முக்கியமான வரி மங்கலாகவும் துணைவரி தெளிவாகவும் இருக்கிறது. தடிப்பை நீக்கும் தேர்வு அமைப்புச் சாளரத்தில் இல்லை. நிச்சயம் இருக்க வேண்டும். இதே தொல்லை, சுழியும் கோடும் அடர்ந்த எந்த எழுத்துமுறைக்கும் இருக்கும்.

எழுத்தளவைக் கூட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇயின் தோற்ற அமைப்பில் எழுத்துரு என்ற பக்கத்தில் இயல்பு எழுத்துருவின் அளவைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றினேன்; சுழிகள் திறந்துகொண்டன. ஆனால் அது எல்லாச் சாளரங்களையும் பெரிதாக்கும். மெனுவில் மட்டும் பெரிய எழுத்து வேண்டுமென்றால், எக்ஸ்எஃப்சிஇ தன் சாளரங்களை வரையப் பயன்படுத்தும் ஜிடிகே என்ற மென்பொருளின் பாணிக்கோப்பில் இந்த மெனுவின் சாளரத்தைக் குறிப்பிட்டு அளவை எழுத வேண்டும். என்னைப் போல அதற்குப் பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. பெரிய எழுத்து யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கோப்பைத் திறந்து எழுதப்போவதில்லை. அளவை மாற்றும் ஒரு சிறு பெட்டி மெனுவின் அமைப்பிலேயே இருந்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

அதே எழுத்துருப் பக்கத்தில் ‘ஹின்டிங்’ என்ற தேர்வு உண்டு. எழுத்தின் கோடுகளைத் திரையின் புள்ளிகளோடு பொருத்தும் வேலை அது. முழு அளவில் வைத்தால் தமிழின் வளைவுகள் மூலை மூலையாக உடைகின்றன. ‘ழ’வின் அடிவளைவைப் பாருங்கள், தெரியும். மிதமான அளவு போதும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருக்கிறேன். கோட்டின் பருமன் சீராக இருக்கிறது, தடித்த வடிவமும் தனியாக வரையப்பட்டிருக்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை வைத்தால் மென்பொருளே கோட்டை ஊதிப் பெருக்கித் தடிப்பு உண்டாக்கும். அப்படி உண்டாக்கிய தடிப்பை மெய்ப்பில் கண்டால் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வரி உயரத்தில் எந்தக் குறையும் காணவில்லை. ‘கீ’யின் மேற்சுழியும் ‘மூ’வின் கீழ்ச்சுழியும் முழுதாக இருக்கின்றன. கட்ட வடிவ மெனுக்கள் சிலவற்றில் அடுத்த வரி கீழ்ச்சுழியை விழுங்குவதைக் கண்டிருக்கிறேன்.

பின்னணியை ஊடுருவித் தெரியும்படி செய்யும் நழுவல்பட்டி ஒன்றும் அமைப்பில் இருக்கிறது. தொடாதீர்கள். பின்னால் இருக்கும் படத்தின் வெளிச்சமும் நிழலும் எழுத்துக்குள் புகுந்துவிடும். இந்த மெனுவின் நல்ல குணம் எல்லாம் அந்த ஒரு இழுப்பில் போய்விடும்.

பொதுப்பெயரைக் காட்டும் பெட்டியைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. மவுஸ்பேட் என்பதற்குப் பதிலாக உரைத்தொகுப்பி என்று வருவது நன்மை. ஆனால் ஒரே வகையில் இரண்டு செயலிகளை வைத்திருந்தால் குழப்பம். ஃபயர்பாக்ஸும் குரோமியமும் ஒரே கணினியில் இருந்தால் இரண்டும் ‘இணைய உலாவி’ என்றே நிற்கும். மறுபடி ஐகானை நம்பித்தான் ஆக வேண்டும். அதனால் என் கணினியில் அந்தப் பெட்டியைத் தேர்வுசெய்யவில்லை. சொந்தப் பெயரும் விளக்கமும் என்ற சேர்க்கையே சரியாக இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு மேசைச்சூழலின் பயன்பாட்டு மெனு இதைவிட மேல். அங்கே நான்கு தேர்வு: பெயர் மட்டும், விளக்கம் மட்டும், பெயரும் அடைப்பில் விளக்கமும், விளக்கமும் அடைப்பில் பெயரும். கடைசித் தேர்வு புதியவர்களுக்கு மிகவும் பொருத்தம். வேலை முதலில் வரும், எதைத் திறக்கிறோம் என்பதும் மறையாது. விஸ்கர் மெனுவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

தேடல் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. பெயரைத் தட்டினாலும் வேலையைத் தட்டினாலும் கண்டுபிடிக்கிறது. தேடல் இருக்கும்போது பட்டியலைப் படிக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கணினியில் எதெல்லாம் இருக்கிறது என்பதை ஒருவருக்குச் சொல்வது பட்டியல்தான்.

தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிறு தொல்லை. தமிழில் பெயர் எழுதப்படாத செயலிகள் ஆங்கிலப் பெயரிலேயே வரும். அகரவரிசையில் லத்தீன் எழுத்துகள் முதலில், தமிழ் எழுத்துகள் அடுத்து என்று பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடும். தேடும் செயலி எந்தப் பாதியில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். இது மெனுவின் குற்றம் ஆகாது. தீர்க்கும் வழி மட்டும் மெனுவிலேயே இருக்கிறது: செயலியின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் அதைத் திருத்தும் தேர்வு வரும். பெயர், விளக்கம் இரண்டையும் நாமே எழுதிக்கொள்ளலாம். நான் லிப்ரேஆபிஸ் செயலிகளை அப்படித்தான் திருப்பிப் போட்டேன்: ரைட்டர் முதலில், லிப்ரேஆபிஸ் அடுத்து. விளக்கம் இல்லாமல் வந்த செயலிகளுக்கு ஒரு வரி எழுதினேன். ஒரு மாலை வேலை. மெனு முழுவதும் படிக்கத் தக்கதாகிவிட்டது.

திருத்தும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் திருத்திய பதிவு உங்கள் சொந்தக் கோப்புறையில் தனி நகலாகப் பதியும். பொதுவான கோப்பைவிட அதற்கே முன்னுரிமை. செயலியைப் புதுப்பிக்கும்போது மூலக்கோப்பில் திறக்கும் கட்டளை மாறினால், பழைய கட்டளை உங்கள் நகலில் அப்படியே கிடக்கும், செயலி திறக்காது. அந்த நகலை அழித்தால் மூலக்கோப்பு மறுபடி நடைமுறைக்கு வந்துவிடும். எதையெல்லாம் திருத்தினீர்கள் என்று ஓர் இடத்தில் குறித்து வையுங்கள்.